ஏணியை மேலே இழுத்துக்கொண்ட பிறகு

ருஃபிஜி ஆறு வடிந்த வண்டலில்
நெல் பால்பிடித்துக் குனிகிற மாதம்.
நான்கு அலையாத்திக் கால்களின் மேல் என் பரண்,
இரண்டு ஆள் உயரம்.
ஒன்றரை போதும் என்றான் மரம் வெட்டிக் கொடுத்தவன்.
அவன் வீடு சாலையோரம்,
கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு.

இருட்டுமுன் ஏறிவிடுவேன்.
ஏணியை இழுத்துப் பாயருகே கிடத்துவேன்,
அழுது தூங்கிப்போன பிள்ளை மாதிரி.
குடிக்க ஒரு குடுவை.
மற்றதற்கு, எண்ணெய் வந்த மஞ்சள் டப்பாவைக்
கழுத்தறுத்து வைத்திருக்கிறேன்.
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.
போன அறுவடையில் க்வாங்காயா
வெட்கப்பட்டுத்தான் கீழே இறங்கினான்.
ஒரு நிமிட வேலை.
செருப்பு மட்டும் ஜோடி பிரியாமல் இருந்தது.

பகலில் சிங்கம் என்போம்.
இருட்டினால் பெயர் சொல்வதில்லை.
பயம்தான்.
கடன்காரன் பெயரையும் நான் சொல்வதில்லை.

என் பகை பன்றியோடு.
ஒரு குடும்பம் புகுந்தால் விடிவதற்குள்
அரை வயல் சேறாகும்.
தகரம் தட்டுவேன், கூவுவேன்,
ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவேன்.
ஆனால் அந்தச் சப்பல், அந்த உறுமல்,
குட்டியின் கீச்சு, இதெல்லாம் கேட்கிறவரை
என் உயிருக்குக் கேடில்லை.
கதிரையும் தின்கிறது, காவலும் நிற்கிறது.
கூலிதான் கொஞ்சம் அதிகம்.

இருநூறு அடி தள்ளி சொமோயேயின் பரண்.
என் கணவனுக்கு அண்ணி.
வரப்பை ஒரு முழம் என் பக்கம் வெட்டிப்போட்டாள்;
அவளைக் கேட்டால், நான்.
நான்கு மாதமாகப் பேச்சில்லை.
கல்யாண வீட்டில் ஒரே தட்டில் சோறு அள்ளினோம்,
கைகூட இடித்துக்கொள்ளாமல்.
இரவில் மட்டும் தகரம் பேசும்.
நான் இரண்டு தட்டு, அவள் இரண்டு தட்டு.
விழித்திருக்கிறேன், நீ?
விழித்திருக்கிறேன்.
அதற்கு மேல் ஒரு தட்டுகூடக் கிடையாது.

அன்று நிலா இல்லை.
பன்றிகள் அவள் வயலில்.
மென்றுகொண்டே இருந்தவை
வாயில் கதிரோடு நின்றன.

தவளை தொடர்ந்தது. கொசு தொடர்ந்தது.
பன்றி இருந்த இடத்தில் மட்டும் ஓர் ஓட்டை.
என் பரணுக்குக் கீழே
ஈரச் சாக்கை யாரோ மெல்ல இழுத்துப் போவதுபோல.
மூச்சு.
பிறகு நாற்றம், ஊறிப்போன தோலும் இறைச்சியும்.
கால் ஒன்று நடுங்கிற்று,
என்னுடையதா பரணுடையதா தெரியவில்லை.

அங்கே அவள் டார்ச் எரிந்தது.
பன்றி போய்விட்டது என்று நினைத்திருப்பாள்.
மிதிபட்டது எவ்வளவு என்று பார்க்க
ஏணியைக் கீழே விடுகிறாள்,
சேற்றில் மூங்கில் ஊன்றும் சத்தம்.

தகரத்தில் இதற்கு எண்ணிக்கை
நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

"சொமோயே! ஏறுடி! மேலே ஏறு!"

நான்கு மாதம் பூட்டி வைத்த பெயர்
துருவோடு வந்தது.
மூத்தவளை 'டி' போட்டது
மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

டார்ச் அணைந்தது.
ஏணி ஏறிய சத்தத்தை எண்ணினேன், படி ஏழு.
பிறகு தட்டினோம்,
பானை, மூடி, அகப்பை, கைக்கு வந்ததெல்லாம்.
ஆற்றோரப் பரண்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.
தூரத்தில் ஒரு தீவட்டி, அப்புறம் இன்னொன்று.
அது ஓடவில்லை.
நேரமாகிவிட்டது என்பதுபோல் போயிற்று.

வெயில் ஏறி, ஆட்கள் கும்பலாக வந்த பிறகே இறங்கினோம்.
கை விரித்த அளவு தடம்,
என் பரணிலிருந்து அவள் பரணுக்கு,
எந்தப் பக்கமும் சாயாமல்
வரப்பின் மேலேயே போயிருந்தது.

சொமோயே குனிந்து பார்த்தாள்.
"பழைய வரப்பு இங்கேதான் இருந்தது,
அதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது."
"அதற்கு என்ன தெரியும்,
இந்த ஊரிலா பிறந்தது?" என்றேன்.

மறுபடி பேச்சில்லை.
மாலை ஏறினேன், ஏணியை இழுத்தேன்,
யோசித்து, மூன்று தட்டினேன்.
நெடுநேரம் கழித்து
மூன்று வந்தது.